இம்மாதக் கூட்டத்தை நடத்துங்கள்: வாசிப்புக் குழு நிர்வாகிகளுக்கு, கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயலாளர் சாருக்கும் நிர்வாகக் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

புதன்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் உங்கள் செய்தி வந்தது. "தவிர்க்க முடியாத காரணங்களால் இம்மாதக் கூட்டம் ரத்து." அந்தக் காரணம் என்ன என்பதை மறுநாள் ஏழு ரோட்டில் காய்கறி வாங்கும்போது நம் உறுப்பினர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இஸ்ரேலை விமர்சித்ததைப் பற்றிப் பேசினால், அது வட்டக்கானலுக்கு வரும் இஸ்ரேல் பிள்ளைகள் காதுக்கு எட்டி சீசன் படுத்துவிடும் என்று சிலர் பயந்தார்களாம். வேறு சிலர், பேசுவதென்றால் இஸ்ரேலியர்களைக் கண்டிக்கிற கூட்டமாகவே இருக்கட்டும் என்றார்களாம். இந்த இழுபறியில் கூட்டமே போய்விட்டது.

சீசன் படுத்தால் முதல் அடி எனக்குத்தான். நான்கு அறை வைத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் வந்து தங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காகவே என் மனைவி ஷக்ஷுகா என்ற தக்காளி, முட்டைப் பதார்த்தம் செய்யக் கற்றுக்கொண்டாள். பிழைப்பு இதில் இருப்பதால்தான் இதை எழுதும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கார்ட்டரை இஸ்ரேலின் எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் என்ற அமெரிக்க அதிபரின் மலை ஓய்வில்லத்தில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் 13 நாள் கூட வைத்துக்கொண்டு மன்றாடியவர் அவர். இருவரும் முகம் பார்த்துப் பேசாத நிலையில், இவரே ஒரு குடிலுக்கும் இன்னொரு குடிலுக்கும் தாள்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைசி நாள் பெகின் கோபத்தில் மூட்டை கட்டிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க மூன்று தலைவர்களும் இருக்கும் படத்தில் கையெழுத்து வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். கார்ட்டர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயராக எழுதி, தாமே அவர் குடிலுக்குக் கொண்டுபோனார். பெகின் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். குரல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. 1979 மார்ச் 26-ல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948, 56, 67, 73 என்று நான்கு முறை மோதிய இரண்டு நாடுகளும் அப்புறம் ஒரு முறைகூடப் போர் செய்யவில்லை.

அதே 13 நாளில்தான் ஒரு விரிசலும் விழுந்தது. ஆக்கிரமித்த பாலஸ்தீன நிலத்தில் புதுக் குடியிருப்பு கட்டுவதை, பாலஸ்தீனர் தன்னாட்சி பற்றிய பேச்சு முடியும்வரை நிறுத்த பெகின் சம்மதித்தார் என்று கார்ட்டர் கடைசிவரை சொன்னார். மூன்று மாதத்துக்குத்தான் சம்மதித்தேன் என்றார் பெகின். குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போயின. கார்ட்டரின் பிற்கால விமர்சனம் முழுக்க இந்த இடத்திலிருந்து வளர்ந்தது என்றே எனக்குப் படுகிறது. தான் முன்னின்று வாங்கிய வாக்கு கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் ஆதங்கம் அது.

2006-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே 'அபார்தைட்' என்ற சொல் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் இன ஒதுக்கலைக் குறிக்கும் சொல். இஸ்ரேல் எல்லைக்குள் நடப்பதைச் சொல்லவில்லை, ஆக்கிரமித்த பகுதிகளில் நடப்பதையே சொல்கிறேன் என்று அவர் விளக்கினார். ஆனாலும் சொல் சுட்டது. அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் என்ற அமைப்பின் முதல் செயல் இயக்குநராக இருந்த பேராசிரியர் கென்னத் ஸ்டைன், புத்தகத்தில் பிழைகள் இருப்பதாகச் சொல்லி விலகினார். 2007 ஜனவரியில் அந்த மையத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து 14 பேர் ஒரே சமயத்தில் விலகினார்கள். அதே மாதம், யூத மாணவர்கள் நிறையப் படிக்கும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குக் கார்ட்டர் நேரில் போனார். தற்கொலைத் தாக்குதல் பற்றிய ஒரு வாக்கியத்தைத் தவறாக எழுதிவிட்டேன் என்று அங்கே மன்னிப்புக் கேட்டார், திருத்தவும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

'அபார்தைட்' என்ற அந்தச் சொல், கேட்க வேண்டியவர்களின் காதை அடைத்துவிட்டது என்பது என் கருத்து. அவர் காட்டிய குடியிருப்புகளும் தடுப்புகளும் பொய் என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்தில் இதை நான் எழுந்து நின்று சொல்லியிருப்பேன். நீங்கள் மறுத்திருக்கலாம். விலகிய 14 பேர் பக்கத்து நியாயத்தை வாசிக்க ஒருவரை நியமித்திருந்தீர்களே, அவரையும் கேட்க ஆசையாக இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ராணுவச் சேவை முடித்த கையோடு வந்தவள். ஒரு நாள் மழையில் கரண்ட் போய்விட்டது. அடுப்படியில் வந்து உட்கார்ந்து என் மனைவியோடு மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எப்படியோ கார்ட்டரிடம் வந்தது. அவள் அப்பாவுக்கு அந்தப் பெயரே ஆகாதாம். டிவியில் அவர் முகம் வந்தால் அணைத்துவிடுவாராம். தாத்தா 1973 போரில், எகிப்தோடு மோதிய சினாயில் டாங்கியில் இருந்தவர். ஒரு கை முழுக்கத் தீக்காயம். அப்பா டிவியை அணைக்கும்போதெல்லாம் தாத்தா, "நீ சினாய்க்குப் போக வேண்டி வரவில்லை, அவரைப் பேச விடு" என்பாராம். சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்தை வைத்துக்கொண்டு அவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நாம் பேசினால் ஓடிவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோம்.

நம் நாட்டோடும் கார்ட்டர் உரசியவர்தான். 1978 ஜனவரியில் டெல்லி வந்தபோது மைக் அணைக்கப்படவில்லை என்று தெரியாமல், அணு விவகாரத்தில் மொரார்ஜி தேசாய்க்குக் கறாராக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தம் வெளியுறவு அமைச்சரிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அதே பயணத்தில் அவர் போன ஹரியானா கிராமத்துக்குக் கார்ட்டர்புரி என்றே பெயர் வைத்தார்கள். அவருடைய அம்மா 68 வயதில் பம்பாய் விக்ரோலியில் தொண்டராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். கறாராகப் பேசியவரை நாம் எதிரியாக நினைத்துவிடவில்லை.

கண்டனக் கூட்டம் கேட்ட நண்பர்களுக்கும் ஒன்று. 2016-ல் ஐ.எஸ் தீவிரவாதத் தொடர்பு என்று கேரளத்தின் கனகமலையில் பிடிபட்டவர்கள் வட்டக்கானலுக்கு வரும் இஸ்ரேலியர்களையும் குறிவைத்திருந்ததாக என்.ஐ.ஏ சொன்னபோது, நம் தெருவில் பல ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு அரசு செய்வதற்கு, முதுகில் பையோடு வந்து இறங்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைக் கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். காஸாவில் சாகும் குழந்தைகளுக்காக அழுகிறவன்தான் நானும்.

சார், ரத்து என்ற செய்தியைத் திரும்பப் பெறுங்கள். தலைப்பை மாற்ற வேண்டாம், இரு தரப்புக் கட்டுரைகளும் வாசிக்கப்படட்டும். மூஞ்சிக்கல் ஹாலுக்கு முன்பணம் திரும்பி வந்துவிட்டது என்றால் என் வீட்டுத் திண்ணையில் இருபது பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வைத்தால் மூடுபனி இறங்குவதற்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடலாம். அந்த வாரம் என் அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லிவைக்கிறேன், விருப்பமிருந்தால் வந்து உட்காரட்டும். டீ, சுக்குக் காபி என் செலவு.

அன்புடன்,
வட்டக்கானல் உறுப்பினர் ஒருவர்