புல்வார் என்பது மதிலின் பெயர்

ஐயா,

புதுச்சேரி புல்வார் பகுதிச் சாலைகளைச் சீரமைப்பது பற்றிய தங்கள் செய்தியில், 'புல்வார்' என்றால் அகன்ற சாலை என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். சொல்லின் பாதிக் கதைதான் அது. 'கொத்தளம்' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது இது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1670-இல் பாரிஸின் மதில்களை இடிக்கச் சொல்லி, அந்த மேட்டில் வரிசையாக மரம் நட வைத்தார். மதில் போனது, பெயர் மட்டும் நடைவெளிக்கு ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில், மதிலே இல்லாத இடத்தில் வெட்டிய சாலைகளும் புல்வார் ஆயின.

புதுச்சேரியின் மதிலை 1761-இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். நகரைச் சுற்றும் புல்வார்கள் பின்னாளில் அந்தத் தடத்தில் அமைந்தவை. மேற்கு புல்வாரே இன்றைய அண்ணா சாலை. என் பாட்டி கடைசிவரை "புல்வாருக்கு உள்ளே", "புல்வாருக்கு வெளியே" என்றுதான் வழி சொல்வார். பிரெஞ்சு ஓரெழுத்தும் அறியாதவர். ஆனால் அவர் பேச்சில் அது இன்னும் மதிலாகவே இருந்தது! சீரமைப்பு முடிந்ததும் பெயர்ப்பலகைகளில் பழைய பெயரையும், கீழே 'இங்கே மதில் இருந்தது' என்ற வரியையும் தமிழில் எழுதி வைக்கலாம்.

– ஒரு வாசகர், புதுச்சேரி