வாரமா, குத்தகையா?

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. போனில் சொன்னால் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ கேட்ட மின்சார கார் விஷயம்: பேட்டரியோடு வாங்குவதா, பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுப்பதா? நீ பார்த்த எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோதே இந்த வாடகைத் திட்டத்தைப் பற்றிப் படித்தேன். அப்போதைய விலைக்கு, பேட்டரியோடு வாங்கினால் 13.50 லட்சம். பேட்டரி வாடகைக்கு என்றால் வண்டி மட்டும் 9.99 லட்சம், அப்புறம் ஓடும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வித்தியாசம் மூன்றரை லட்சம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் அந்த மூன்றரை லட்சமும் வாடகையாகவே போய்விடும். கரண்ட் காசு தனி.

"ஓடினால்தானே கொடுக்கப் போகிறோம்" என்றாய். நீ அனுப்பிய காகிதத்தை நீயே முழுசாகப் படிக்கவில்லை போல. மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் குறையாமல் கட்ட வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறது. ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கோயில், சம்பந்திகள் வீடு என்று எப்படிச் சுற்றினாலும் உனக்கு ஆயிரத்தைத் தாண்டாது. ஓடாத 500 கிலோமீட்டருக்கு மாதம் 1,750 ரூபாய்.

கண்மாய்க்குக் கீழே இருக்கிற நம் வயலை உங்கள் ஐயா காலத்தில் வாரத்துக்கு விட்டிருந்தார்கள். விளைந்ததில் பங்கு, பொய்த்தால் இரண்டு பேருக்கும் இல்லை. பிறகு குத்தகை ஆனது. கண்மாய் நிறைந்தாலும் காய்ந்தாலும் பேசிய மூட்டையை அளந்தாக வேண்டும். உன் ஷோரூம் பையன் வாயில் பேசுவது வாரம், கையெழுத்து வாங்குவது குத்தகை.

அதற்காக வாடகை முழுக்க மோசம் என்று சொல்ல மாட்டேன். மாதம் 1,500க்கே கட்டினாலும் 5,250 ரூபாய்தான். மூன்றரை லட்சத்தை ஏழு சதவீதத்தில் பாங்கில் போட்டால் மாதம் 2,040 வட்டி வரும். அந்த வட்டியையும் சேர்த்து, வாடகையை அதிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் முதல் தீர ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஆக, நாலு வருஷத்தில் விற்கிறவனுக்கு வாடகை தேவலை என்று தோன்றும். ஆனால் விற்பது எப்படி? ஐரோப்பாவில் ரெனால்ட் ஸோயியைப் பேட்டரி வாடகையோடு விற்றார்கள். அதைப் பழைய வண்டியாக வாங்க வந்தவன் வாடகையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இஸ்ரேலில் பெட்டர் பிளேஸ் என்று ஒரு கம்பெனி, வண்டி உன்னுடையது, பேட்டரி எங்களுடையது என்று நடத்தி 2013இல் திவாலானது. பத்திரம் ஒருத்தர் கையில், பொருள் இன்னொருத்தர் கையில் என்றால் என்ன ஆகும் என்பதை பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார்கள் பட்டிருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்பதுதானே உன் பயம்? விண்ட்சரில் இருப்பது எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பல வருஷம் உழைக்கும். தேய்ந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி மின்சார கார்களுக்குப் பரவலாகவே உண்டு. உன் வண்டிக்கு எவ்வளவு என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்.

அப்பச்சி அம்பாசிடரை 19 வருஷம் வைத்திருந்தார்கள். நீயும் அந்த ரத்தம்தான், காலேஜ் வாட்சையே இன்னும் கட்டிக்கொண்டு திரிகிறாய். நாலு வருஷத்தில் நீ விற்கப் போவதில்லை. பேட்டரியோடு வாங்கு.

மூன்றரை லட்சம் என் சீதனப் பணத்திலிருந்து தருகிறேன். சும்மா இல்லை, அரை வட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் ஐம்பது பைசா. பாங்கு கொடுப்பதைவிடக் குறைச்சல்தான், நட்டம் எனக்கு. மாதம் 1,750 வருகிறது. ஓடாத கிலோமீட்டருக்குக் கட்டத் தயாராக இருந்தாயே, அதே காசு. நோட்டில் உன் பேரில் பற்று எழுதிவிட்டேன். பிள்ளையார் நோன்புக்கு வரும்போது முதல் மாத வட்டியோடு வா.

ஆத்தா