எங்கள் முதல் இசைத்தட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. எந்த இசை நிறுவனத்தின் பின்பலமும் இல்லாமல், மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் ஐந்து நண்பர்களாகச் சேர்ந்து தொடங்கிய ஒரு புராகிரசிவ் ராக் குழு, தமிழ்ப் பாடல்களோடு ஒரு முழு இசைத்தட்டைக் கொண்டுவர முடிந்தது உங்களால்தான். உங்கள் பெயர்கள் அனைத்தும் உறையின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் பெயர்களை மட்டும் படிப்பவருக்கு யார் என்ன செய்தார் என்பது தெரியாது. அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான புராகிரசிவ் ராக் இசை, மூன்று நிமிடப் பாட்டு என்ற எல்லையைத் தாண்டி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுக்கலாம் என்று காட்டியது. எங்கள் இசைத்தட்டின் முதற்பக்கத்திலும் ஒரே பாடல்தான் இருக்கிறது. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், இத்தீவின் தலைநகரான போர்ட் லூயியைக் கட்டி எழுப்பப் புதுச்சேரியிலிருந்து இங்கு வந்த தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் பற்றிய பாடல் அது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1834இலிருந்து திரளாக வந்த வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவில் கல் செதுக்கியவர்களைப் பற்றி வீட்டில்கூட யாரும் பேசுவதில்லை. அந்தக் குறையை எங்களுக்கு எடுத்துச் சொன்னதோடு, பழைய பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதிகளைப் பொறுமையாகப் படித்துக் காட்டிய வரலாற்று ஆசிரியர் ஐயா அவர்களுக்கு எங்கள் முதல் வணக்கம். அவர் இல்லையென்றால் இந்தப் பாடலுக்குக் கருவே இல்லை.

பாடலின் நடுப்பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுந்த உழைப்பும் மிகுந்த உதவியும் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன. அப்பகுதியில் கிட்டாரும் கீபோர்டும் மிஸ்ர சாபு தாளத்தில், அதாவது மூன்றும் நான்குமாகப் பிரியும் ஏழில் செல்கின்றன. அவற்றின் அடியில், இத்தீவின் மரபு இசையான செகாவின் தோற்கருவியான ராவான் ஆறில் சுழல்கிறது. இரண்டுக்கும் துடிப்பு ஒன்றே என்பதால், 42 துடிப்புகள் முடிந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒரே சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து விழும். தாளில் எழுதிப் பார்க்கும்போது எளிதாகத் தோன்றிய இக்கணக்கு, வாசிக்கத் தொடங்கியதும் எங்கள் கையை விட்டுப் போயிற்று. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் மிருதங்கம் பயின்ற ஆசிரியர் அப்போது எங்களிடம் வந்தார். எண்ணிக்கொண்டே வாசித்த எங்கள் டிரம்ஸ் கலைஞரை எண்களை விட்டுவிடச் சொல்லி, குச்சிகளைக் கீழே வைக்கச் செய்து, ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லிக் கையால் தட்டவைத்தார். மாலைதோறும் வேலை முடிந்து பேருந்தில் வந்து, ஒரு காசும் வாங்காமல், அந்தச் சொற்கட்டு எங்கள் டிரம்ஸ் கலைஞரின் உடம்பில் ஊறும்வரை உடனிருந்தார். இதை நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் என்று சொல்வதைவிட, அவர் இட்ட கொடை என்று சொல்வதே பொருந்தும்.

ராவான் வாசித்த பெரியவர் தென்மேற்குக் கரையோர ஊரைச் சேர்ந்தவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடையே பிறந்த செகா திபிக் எனப்படும் மரபுச் செகா 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அவருக்கோ அது தந்தையிடமிருந்து வந்த வீட்டுச் சொத்து. தமிழ் தெரியாத அவர், எங்கள் பாடலின் கதையை இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் கேட்டறிந்த பிறகே வாசிக்கச் சம்மதித்தார். இப்போது பலரும் செயற்கைத் தோல் கட்டிய ராவானைப் பயன்படுத்துகிறார்கள். அவர் ஆட்டுத்தோல் கட்டியதைத்தான் கொண்டுவந்தார். அந்தத் தோலைத் தீயில் வாட்டினால்தான் நாதம் எழும். காற்றில் ஈரம் ஏறினால் மீண்டும் தளர்ந்துவிடும். ஆகவே பதிவு நடந்த வீட்டின் பின்புறத்தில் நெருப்பு மூட்டி, ஒவ்வொரு பதிவுக்கும் இடையில் அதைச் சூடேற்ற வேண்டியிருந்தது. காயப்போட்ட துணிகளில் புகை படிந்தும் முகம் சுளிக்காமல், எங்களுக்குத் தேநீரும் காத்தோ பிமா என்னும் பருப்பு வடையும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காமார்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

எங்கள் பாடகர் வீட்டில் பேசி வளர்ந்தது கிரியோல். பாட்டின் வரிகளைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா, குறிலை மெட்டுக்காக நெடிலாக இழுப்பதை ஓரிடத்திலும் அனுமதிக்கவில்லை. ஏழில் அமைந்த மெட்டுக்கு ஒரு மாத்திரை குறைந்தால் நாங்கள் எழுத்தை இழுக்கப் பார்ப்போம். அவரோ வரியையே மாற்றி எழுதுவார். அதனால் மெட்டும் சில இடங்களில் மாறியது, மாறிய இடங்களெல்லாம் சிறப்பாகவே அமைந்தன என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஒத்திகைக்குக் கோவில் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி. மின்கிட்டார் ஓசை கோவில் வளாகத்தில் கேட்கலாமா என்று சிலர் தயங்கியபோது, கொத்தர்களின் பாட்டு கோவிலில் ஒலிக்காமல் வேறெங்கே ஒலிக்கும் என்று கேட்டுத் தலைவர் அனுமதி தந்தார். தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரத காலத்தில் மட்டும் நாங்கள் கருவிகளைப் போர்ட் லூயியில் ஓர் அறைக்கு மாற்றினோம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியின் வெள்ளம் அந்த அறைக்குள் புகுந்தது. நனைந்த ஆம்ப்ளிஃபையர்களைத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்று, காயவைத்து, கெட்ட பாகங்களை மாற்றி மீட்டுத் தந்த மின் பழுதுபார்ப்பவர், தம் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நாட்களில் இதைச் செய்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

இனி, முன்பதிவு செய்து பணம் அனுப்பியவர்களுக்கு எங்கள் நன்றி. 1997இல் மரில்லியன் என்னும் இங்கிலாந்து ராக் குழு வட அமெரிக்காவுக்குச் செல்ல ரசிகர்களே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அதன் 2001ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குப் பதிவு முடியும் முன்பே 12,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். அந்த வழியில் நாங்களும் கேட்டுப் பார்த்தோம். இங்கும், ரியூனியனிலும், டர்பனிலும் இருந்து, ஒரு பாட்டுக்கூடக் கேட்காத நிலையிலேயே நீங்கள் எங்களை நம்பினீர்கள். தட்டு அச்சடித்த செலவு முழுவதும் உங்கள் பணத்தில்தான் நடந்தது.

மிக்ஸிங் செய்த தம்பி, பெரிய பாடல் 26 நிமிடத்துக்கு நீண்டபோது எங்களிடம் வெளிப்படையாகப் பேசினார். தட்டின் ஒரு பக்கத்தில் ஓட்டம் நீள நீளப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி மட்டம் குறையும், பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மெலியும் என்று விளக்கி, எதை நீக்கலாம் என்பதையும் எங்களோடு உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தார். இப்போது அது 21 நிமிடம். ராவானின் அடி உங்கள் வீட்டில் அதிர்ந்து ஒலிக்கிறது என்றால், அவர் காட்டிய உறுதியே அதற்குக் காரணம்.

முன்பதிவு செய்தவர்களில் இன்னும் தட்டைப் பெறாதவர்கள், ஞாயிறு காலைகளில் மேற்சொன்ன கோவில் மண்டபத்தில் பெற்றுக்கொள்ளலாம். பாடலின் தாளக் குறிப்புகளையும் வரிகளையும் மிருதங்க ஆசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவரிடம் பயிலும் மாணவர்கள் எங்கள் அனுமதியை எதிர்பாராமல் எடுத்து வாசிக்கலாம், மாற்றியும் வாசிக்கலாம்.

என்றும் நன்றியுடன்,
குழுவினர் ஐவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்