125-ஆ, 250-ஆ: மகளுக்கு ஒரு கடிதம்

கண்ணு,

மோட்டோகிராஸுக்கு, அதான் மேடு பள்ளமான மண் தடத்தில் ஓட்டுகிற பைக் ரேஸுக்கு, வாங்கலாம் என்று நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று யமஹா 125 டூ ஸ்ட்ரோக். இன்னொன்று அதே கம்பெனியின் 250 ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டுமே செகண்ட் ஹேண்ட், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "எதை எடுக்கட்டும்மா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குகிற போரிங் பட்டறையில் வளர்ந்தவள், கண்ணை மூடிக்கொண்டு டூ ஸ்ட்ரோக் என்றுதான் சொல்லுவாள் என்று உன் மாமா நினைப்பார். அப்படி இல்லை. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில், 125 எப்படி 250-உடன் ஓடுகிறது என்று முன்பு ஒரு தடவை கேட்டிருந்தாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றிவிடுகிற தண்டு, ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். ஒரே சிசி என்றால் டூ ஸ்ட்ரோக்கின் கை ஓங்கிவிடும். அதனால்தான் மோட்டோகிராஸ் விதியில் 125 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 250 ஃபோர் ஸ்ட்ரோக், 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 450 என்று வைத்தார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்த காலத்தில் கொடுத்த சலுகை அது. அப்புறம் நடந்தது வேறு. 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில், அதாவது ஸ்டேடியத்துக்குள் நடக்கிற மோட்டோகிராஸில், டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டி ஜெயித்தார். அது கடைக்கு வராத, சோதனைக்காகச் செய்த வண்டி. அடுத்த வருடமே அது ஒய்இசட்400எஃப் என்று கடைக்கு வந்தது, அவரும் அந்த வருடம் அமெரிக்காவில் திறந்தவெளித் தடங்களில் நடக்கிற அவுட்டோர் தொடரின் 250 கிளாஸ் பட்டத்தை வாங்கினார். 2001-இல் யமஹாவின் ஒய்இசட்250எஃப் வந்ததும் 125-இன் கதையும் மாறிப்போனது. சலுகை அப்படியே இருந்தது, இன்ஜின்தான் வளர்ந்துவிட்டது. ஹோண்டா 2007 மாடலோடு டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளையே நிறுத்திவிட்டது. ஜப்பான் கம்பெனிகளில் யமஹா மட்டும் விடாப்பிடியாக, நீ பார்க்கிற இதே ஒய்இசட்125-ஐச் செய்துகொண்டே இருந்தது. ஐரோப்பாவில் கேடிஎம்மும் 125 டூ ஸ்ட்ரோக் செய்கிறது, 2023-இல் அதற்குக் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் பட்டன் ஸ்டார்ட்டும்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, ஜெயிக்க மட்டும் என்றால் 250 ஃபோர் ஸ்ட்ரோக். இதில் நான் உனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. கோர்ட்னி டங்கன் என்கிற நியூசிலாந்துப் பெண் நாலு தடவை பெண்கள் மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வாங்கியதும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கில்தான்.

நீ ஓட்டப்போகிற க்ளென் ஹெலன் தடத்தின் வீடியோவையும் பார்த்தேன். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு தடம் போட்டிருக்கிறார்களே! அந்த ஏற்றத்தில் 125 திணறும். திருப்பத்தில் வேகத்தை விட்டுவிட்டால் ஏற்றத்தின் அடியிலேயே இன்ஜின் தொங்கிப்போகும். பவர் பேண்ட், அதாவது இன்ஜினுக்குப் பலம் வருகிற வேகம், மேலேதான் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. கிளச்சை ஒரு விரலால் தட்டித் தட்டி, கியரை மாற்றி மாற்றி, அது பாடுகிற இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். 250 ஃபோர் ஸ்ட்ரோக் அப்படி இல்லை. தப்பான கியரில் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். இறக்கத்தில் த்ராட்டிலை விட்டதும் இன்ஜினே பாதி பிரேக் பிடிக்கும், டூ ஸ்ட்ரோக்கில் அது ரொம்பக் கம்மி. புதிதாக ரேஸுக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய தைரியம்.

ஆனால் எடையைப் பார். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் ஊற்றி நிறுத்தினால் 125 சுமார் 95 கிலோ. 250 அதைவிடப் பத்து கிலோவுக்கு மேலே. நீ 52 கிலோ. முதல் வருடம் எத்தனை தடவை விழுவாய், எத்தனை தடவை தூக்கி நிறுத்துவாய் என்று உனக்கே தெரியும். மூன்றாவது தடவை தூக்கும்போது அந்தப் பத்து கிலோ தெரியும்.

இதெல்லாம் ஓட்டுகிறவர்கள் சொல்லுகிற கணக்கு. எனக்குத் தெரிந்தது உள்ளே இருக்கிற கணக்கு, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

போன வருடம் பெங்களூரிலிருந்து ஒரு பையன் 250 ரேஸ் வண்டியின் இன்ஜினை டிக்கியில் போட்டுக் கொண்டுவந்தான். எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். செகண்ட் ஹேண்டாக வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிய உடனே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காற்றை உள்ளே விடுகிற இன்டேக் வால்வின் தலை உடைந்து, பிஸ்டனின் மேலே குறுக்காகக் குத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் அம்மியில் கொத்துப் போட்ட மாதிரி பள்ளம் பள்ளமாக. அந்த இன்ஜின் 14,000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 7,000 தடவை, விநாடிக்கு நூறு தடவைக்கு மேல், திறந்து மூடுகிறது. வால்வு தேயத் தேய, அதற்கும் அதைத் தள்ளுகிற கேமுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்றிச் சரி செய்யலாம், ஒரு தடவை, இரண்டு தடவை. அதற்கு மேலும் குறைந்தால் அந்த வால்வுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முன்பு வைத்திருந்தவன் எத்தனை ஷிம் மாற்றினான் என்று இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? வெளியே புது ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று இருந்தது வண்டி. பிஸ்டன், ஹெட், வால்வு, சிலிண்டர் எல்லாம் வரவழைத்த செலவில் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். அவன் அந்த பில்லைப் பார்த்துக்கொண்டு பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்காக டூ ஸ்ட்ரோக் சாது என்று சொல்லவில்லை சாமி. உன் மாமாவின் தோள் எலும்பு எப்படி முறிந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மைதானத்தில் டர்ட் ரேஸ். என் அப்பா, உன் அப்புச்சி, தன் கையால் சிலிண்டரின் போர்ட் துளைகளை ராவிக் கொடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். ரேஸுக்காக ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, கேனிலேயே ஆயில் கலந்துதான் ஊற்றுவோம். அன்றைக்கு அவசரத்தில் யாரோ கலக்காத கேனை எடுத்து ஊற்றிவிட்டார்கள். இரண்டு கேனும் ஒரே மாதிரி, மேலே ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது ரவுண்டில் நேர்ப்பாதையில் இன்ஜின் சீஸ் ஆனது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மாமா கிளச்சைப் பிடிப்பதற்குள் மண்ணில் கிடந்தார்.

அன்று இரவு சிலிண்டரைக் கழற்றியபோது அப்புச்சி என் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிஸ்டனைச் சுற்றிலும் மேலிருந்து கீழாகக் கோடு. அலுமினியம் உருகி, சிலிண்டருக்குள் இருக்கிற இரும்பு ஸ்லீவின் சுவரில் வெள்ளையாக அப்பிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் சூட்டையும், சுற்றிலும் விழுந்தால் எண்ணெயையும் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் 50 மில்லி போரை 50.50 ஆக்கி, அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். மதியத்துக்குள் வண்டி தயார். மாமாதான் தயாராக இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்துதான் நம் பட்டறையில் ஒவ்வொரு கேனிலும் மார்க்கர் எழுத்து இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்குக் கொஞ்சம் வருத்தமும்கூட. உன் ஒய்இசட் சிலிண்டரை நம் போரிங் மிஷின் தொட முடியாது. ஆர்எக்ஸில் வார்ப்பிரும்பு ஸ்லீவ், கால் கால் மில்லியாக நாலு தடவை போர் பண்ணலாம். இந்த வண்டிகளில் ஸ்லீவே இல்லை. அலுமினிய சிலிண்டர்மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்த்து மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். கல் மாதிரி இருக்கும், சீக்கிரம் தேயாது. ஆனால் கீறல் விழுந்து பூச்சு உரிந்தால் போரிங் கிடையாது, மறுபடி பூசத்தான் கொடுக்க வேண்டும். அப்புச்சி இருந்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

சரி, என் முடிவு: 125-ஐ எடு.

நீ ஷோரூமில் புதுசு வாங்குவதாக இருந்தால் 250 என்று சொல்லியிருப்பேன். மனதாரச் சொல்லியிருப்பேன். முதல் மணி நேரத்திலிருந்து எண்ணெயை நீயே மாற்றி, வால்வு இடைவெளியை நீயே அளந்து எழுதி வைத்தால் அது நல்ல வண்டி, நீண்ட நாள் வரும். ஆனால் நீ வாங்குவது இன்னொருவர் ஓட்டிய வண்டி. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சேர்த்து சுமார் ஒரு லிட்டர் எண்ணெயில்தான் அது ஓடுகிறது. அந்த எண்ணெயை அவர் எப்போது மாற்றினார் என்பதற்கு அவர் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. டூ ஸ்ட்ரோக்கிலும் பொய் சொல்லலாம், ஆனால் அந்தப் பொய்யை நீயே ஒரு மதியத்தில் திறந்து பார்த்துவிடலாம். ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், அவ்வளவுதான். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. நீ வாடகைக்கு எடுத்திருக்கும் அந்தச் சின்ன கராஜில், ஒரு டூல் பாக்ஸை வைத்துக்கொண்டு, நான் வீடியோவில் பார்க்கப் பார்க்க நீயே பிஸ்டன் மாற்றலாம். ஒரு சீசனில் இரண்டு மூன்று தடவைகூட மாற்ற வேண்டி வரும், அதற்குச் சலிக்காதே. 250-இன் டாப் எண்டை, அதாவது ஹெட்டும் சிலிண்டரும் சேர்ந்த மேல் பாகத்தை, அப்படி ஒரு கராஜில் முதல் தடவையாகத் தனியாகத் திறக்க உன்னை நான் விடமாட்டேன்.

முதல் வருடம் நிறையப் பேர் உன்னைத் தாண்டிப் போவார்கள். ஏற்றத்தில் கண்டிப்பாகப் போவார்கள். அதைப் பார்த்து வண்டியைக் குறை சொல்லாதே. ரிக்கி கார்மைக்கேல் 2002-இல் டூ ஸ்ட்ரோக் ஹோண்டாவில் அமெரிக்க அவுட்டோர் தொடரின் 24 மோட்டோவையும், அதாவது 24 ஓட்டத்தையும், ஜெயித்தார். 2004-இல் 450 ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஏறி மறுபடியும் 24-க்கு 24. அந்தக் கை அவருக்குச் சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பழகியது. 125-இல் திருப்பத்தின் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டால் பிறகு 250-இல் ஏறும்போது அது உன்னோடு வரும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைக் கேள். நீ வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடு. கை வைத்துப் பார், குளிர்ந்திருக்க வேண்டும். கிக் எத்தனை உதைக்கு எடுக்கிறது என்று எண்ணு. ஓட்டிப் பார்த்து ஆறவிட்டபின் சைலன்சர் பைப்பைக் கழற்றச் சொல்லி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார். பிஸ்டன் சுவரில் மேலும் கீழுமாகக் கோடு இருக்கிறதா, ரிங் பளபளவென்று இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பு. பிளக்கைக் கழற்று. காபித்தூள் நிறம் என்றால் நல்லது. வெள்ளையாக வெளிறியிருந்தால் லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், ஓட்டியிருக்கிறார்கள், அந்த வண்டியை விலை பாதியானாலும் விட்டுவிடு. பைப்பைக் கழற்ற மாட்டேன் என்று அவர் சொன்னாலும் விட்டுவிடு.

வாங்கியபின் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. யமஹா சொல்வது பெட்ரோல் 30 பங்குக்கு ஆயில் 1 பங்கு. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 167 மில்லி ஆயில். கண் அளவு வேண்டாம், அளவு ஜாடி வாங்கிக்கொள். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கிற ஜெட், மதிய வெயிலில் சரியாக வைத்தது விடியற்காலைக் குளிரில் லீன் ஆகிவிடும். உங்கள் ஊரில் இரண்டும் ஒரே நாளில் வருகிறது. காலையில் முதல் ரவுண்டு எடுக்கும்போது அந்தச் சத்தத்தைக் கேள். வறண்டு, கூர்மையாக, மணி அடிக்கிற மாதிரி கேட்டால் த்ராட்டிலை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடு. இடது கையின் ஒரு விரல் எப்போதும் கிளச்மேலேயே இருக்கட்டும்.

கேனில் மார்க்கரால் எழுது. தமிழிலேயே எழுது, வேறு யாரும் எடுத்து ஊற்ற மாட்டார்கள்.

சனிக்கிழமைதானே பார்க்கப் போகிறாய்? உனக்கு எத்தனை மணியானாலும் கூப்பிடு, இங்கே ராத்திரியாக இருந்தாலும் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பேன். மாமாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. டூ ஸ்ட்ரோக் என்றதும் தோளைத் தடவிக்கொண்டே ஆயிரம் கேள்வி கேட்பார். நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு.

அம்மா