ரொட்டியை நிறுத்தச் சொல்வதற்கு முன் ரத்தம் எடுங்கள்

நஜஃப்கர், நரேலா பக்கத்துக் கிராமங்களிலும் எல்லை தாண்டி ஹரியானா ஊர்களிலும் மருத்துவ முகாம் நடத்தும் டெல்லித் தமிழ் டாக்டர்களுக்கும் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

சோகையோடு, வயதுக்கேற்ற உயரமில்லாமல் வரும் பிள்ளைக்கு முகாமில் வழக்கமாகக் கிடைப்பது இரும்புச்சத்து சிரப்பும் பூச்சி மாத்திரையும், சத்துக்குக் கோதுமை தலியா (உடைத்த கோதுமைக் கஞ்சி) சாப்பிடச் சொல்லும் அறிவுரையும். அந்தப் பிள்ளைக்கு, கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் இருந்தால் தலியாதான் குடலை அரிக்கிறது. தெற்கே படித்த டாக்டருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராததில் வியப்பில்லை. 2016-ல் வெளியான ஆய்வில் வட இந்தியப் பெரியவர்களில் 0.85 சதவீதம் பேருக்கு இது இருந்தது; தெற்கே 0.01 சதவீதம்தான். மரபணு வாய்ப்பு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் வடக்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற எல்லாருக்கும் ஊசி குத்த வேண்டாம். ஒழுங்காக மருந்து குடித்தும் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறாதவர்கள், உயரம் மிகக் குறைந்தவர்கள், வயிறு உப்பிப் பிட்டம் வற்றியவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், முதல் வகை சர்க்கரை நோயோ டவுன் சின்ட்ரோமோ உள்ளவர்கள், ஏற்கெனவே சீலியாக் உள்ளவரின் உடன்பிறந்தவர்கள்: இவர்கள் போதும். மலச்சிக்கலோடு வருகிற சீலியாக் பிள்ளையும் உண்டு, பேதி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய டெஸ்ட் டிடிஜி ஐஜிஏ (இந்த நோயில் ரத்தத்தில் ஏறும் ஐஜிஏ வகை ஆன்டிபாடியைப் பார்ப்பது), கூடவே ரத்தத்தில் உள்ள மொத்த ஐஜிஏ அளவு. மொத்த ஐஜிஏ குறைவான பிள்ளைக்கு முதல் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும். ஊரில் இந்த நோயைக் 'கேஹூன் எலர்ஜி' (கோதுமை அலர்ஜி) என்பதால் சில லேப்களில் அலர்ஜி பேனல் எடுத்துவிடுகிறார்கள். அது பார்ப்பது அலர்ஜிக்கான ஐஜிஇ ஆன்டிபாடியை, இதற்கு உதவாது, பணம்தான் தண்டம். 2, 3 மில்லி ரத்தம் ஜெல் டியூபில் எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டுப் பிறகு ஐஸ் பெட்டியில் வையுங்கள். டியூப் ஐஸைத் தொட்டால் ரத்த அணு உடைந்து மாதிரி வீணாகும்.

நாங்கள் அடிக்கடி பார்க்கிற தவறு வேறு. "ஒரு மாசம் ரொட்டியை நிறுத்திப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார். பிள்ளை தேறும், ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்கும், எண்டோஸ்கோபியில் குடல் ஆறிப்போயிருக்கும். உறுதி செய்ய வாரக்கணக்கில் மறுபடி கோதுமை கொடுக்க வேண்டும். தேறிய பிள்ளைக்கு எந்தத் தாய் கொடுப்பாள்? ஆயுள் முழுக்க விலக்க வேண்டிய சாப்பாட்டை ஊகத்தின் பேரில் விலக்கச் சொல்லாதீர்கள். பாசிட்டிவ் வந்தாலும் குழந்தைகள் குடல் நிபுணர் பார்த்து முடிவு சொல்லும்வரை ரொட்டி தொடரட்டும்.

உறுதியான பிறகு "சோறு போடுங்க" என்று சொல்லி முடித்துவிடுவது நம் பழக்கம். அந்த வீடுகளில் தினம் சோறு நடக்காது. கம்பு, மக்காச்சோள ரொட்டி அவர்களுக்குப் பழக்கமானது, அதைச் சொல்லுங்கள். ஆனால் பலகையைப் பாருங்கள்: கம்பு ரொட்டி தேய்க்கும்போது ஒட்டாமலிருக்கத் தூவுவது கோதுமை மாவு. மாவு மில்லிலும் கோதுமை அரைத்த கல்லிலேயே கம்பும் கடலைப்பருப்பும் விழும். தானியத்தைக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே தனி மிக்ஸியில் அரைப்பது நல்லது. சலிக்கச் சல்லடையும் வேறு வேண்டும்.

தமிழ் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ரவா, சேமியா, பார்லி மால்ட் கலந்த பானத்தோடு பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். தோசையும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டும் ஆன்டிபாடி இறங்காத பிள்ளைக்குக் கோதுமை அங்கேயிருந்தும் வரலாம்.

இப்படிக்கு,
டெல்லியில் பணிபுரியும் தமிழ் உணவியலாளர்கள், ஆய்வகப் பணியாளர்கள் சிலர்