நாக்பூர் போகிறாயாமே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு மூட்டு வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

பேரன் கல்லூரிப் போராட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டான், படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். மகள் வீட்டுக்கு நாக்பூர் போகப்போவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஜேம்ஸ் லாசன் நினைவுக்கு வந்தார்.

நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரி இருக்கிறதல்லவா, 1953 முதல் 1956 வரை அவர் அங்கேதான் இருந்தார். அமெரிக்கக் கறுப்பர். கொரியப் போர் சமயத்தில் ராணுவத்தில் சேர மாட்டேன் என்று சிறைக்குப் போய்விட்டு, மெதடிஸ்ட் சபை மூலம் இங்கே வந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தை ஊன்றிப் படித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில், கறுப்பருக்குச் சாப்பாடு தராத கடைகளில் அமைதியாகப் போய் உட்காருவதற்கு, சர்ச்சில் வைத்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். எப்படி என்கிறாய்? ஒருவன் கடைக்குச் சாப்பிட வந்தவனாக நாற்காலியில் உட்கார்வான். மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடித்து அவனைக் கண்டபடி ஏசுவார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், கீழே தள்ளுவார்கள். அவன் தலையைக் கையால் மூடிச் சுருண்டுகொள்ள வேண்டும். திருப்பி அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. பொறுக்க முடியாதவர்கள் கடைக்குப் போக வேண்டாம். மாதக்கணக்கில் இப்படியே ஒத்திகை பார்த்தார்கள்.

நம் விடுதி ஸ்டிரைக் ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒருத்தன் கல்லை விட்டெறிந்தான், கூட்டம் சிதறியது, கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த நாள்தான் மனதில் வந்து நிற்கிறது. கோபம் நமக்கும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

1960 பிப்ரவரி 1-ஆம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற இன்னொரு அமெரிக்க ஊரில் முதலாமாண்டு கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் உல்வொர்த் கடையில் சாமான் வாங்கிவிட்டு, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்தார்கள். பற்பசை விற்பார்களாம், காபி கொடுக்க மாட்டார்களாம்! 13-ஆம் தேதி நாஷ்வில் பிள்ளைகளும் இறங்கினார்கள். இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, பாடப் புத்தகத்தோடு போனார்கள். 27-ஆம் தேதி ரவுடிகள் புகுந்து அடித்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது அடி வாங்கியவர்களை. அந்த இடத்தில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அதையும் பிடித்தார்கள், அதற்கடுத்த வரிசை வந்தது.

ஏப்ரல் 19 விடியற்காலையில் அவர்களுடைய வக்கீல் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் பிழைத்தார்கள். அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே டயேன் நாஷ், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, 21 வயதுப் பெண், மேயரைப் பார்த்து நேராகக் கேட்டாள்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது சரியா? சரியில்லை என்று அவர் ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று. மே 10-இல் கவுன்ட்டர்கள் கறுப்பருக்கும் திறந்தன. நடுவில் நாஷ்வில் வந்த மார்ட்டின் லூதர் கிங், உங்களுக்கு ஊக்கம் கொடுக்க வரவில்லை, உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வந்தேன் என்றார். அவர் வாயால் வந்த சொல் அது.

மறு வருஷம், பேருந்துப் பயணத்தில் நிறம் பார்த்துப் பிரிப்பதை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து போன பேருந்தை அனிஸ்டன் என்ற ஊரில் கொளுத்தியதும், பயணத்தை நடத்திய பெரியவர்கள் போதும் என்றார்கள். அப்போதும் நாஷ்வில் பிள்ளைகள்தான், பரீட்சைச் சமயத்தில், உயில் எழுதி வைத்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினார்கள். நவம்பரில் பேருந்து நிலையங்களில் தனித்தனி அறை கூடாதென்ற உத்தரவு அமலுக்கு வந்தது.

அவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் முதல் தடவை கைதானபோது, விவசாயக் குடும்பத்து அம்மா உன்னைப் போலத்தான் பதறினார். படிக்கத்தானே அனுப்பினோம் என்ற ஆதங்கம். அதனால் உன் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரனிடம் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்காதே. எதைக் கேட்டு உட்கார்ந்தாய், கூட உட்கார்ந்தவர்கள் யார், எவனாவது கல்லெடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். அவன் சொல்லும் பதிலை எனக்கும் எழுது.

லாசன் 2024 ஜூனில், 95 வயதில் காலமானார். நாக்பூரில் ஒரு சாயங்காலம் அந்தக் கல்லூரிப் பக்கம் போய்விட்டு வா. முடிந்தால் பேரனையும் கூட்டிக்கொண்டு போ. வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்,
கதிரேசன்