அழுதால்தான் நல்ல பிரிவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்குப் போய்க் குழந்தைகளோடு தன்னார்வப் பணி செய்துவிட்டு வந்தவர்களின் அனுபவக் கட்டுரைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் போய் முடியும். கடைசி நாள், குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், எழுதுகிறவரும் அழுகிறார், வண்டி கிளம்புகிறது, கூடவே ஒரு படம். படிக்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டி போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஒரு கட்டுரையிலாவது படித்திருக்கிறோமா?

நானும் இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தவள்தான், அதனால் போகிறவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. பெரும்பாலும் நல்ல மனசோடுதான் போகிறார்கள். போவதற்கு முன் பாடம் நடத்துவது எப்படி, விளையாட்டுச் சொல்லித்தருவது எப்படி என்று பயிற்சி கொடுக்கிறார்கள், தடுப்பூசி போடச் சொல்கிறார்கள், கிளம்பி வருவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. வேலையின் கடைசிப் பகுதி அதுதான், குழந்தைக்கு ரொம்ப நாள் நினைவில் நிற்கப்போவதும் அதுவாகத்தான் இருக்கும்.

குழந்தை அழுவதைப் பாசத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பார்பரா டிசார்ட் என்ற உளவியலாளர் லண்டனில் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார், 1970-களில் அந்த ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. பொம்மைக்கோ புத்தகத்துக்கோ குறையில்லாத இடங்கள் அவை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குறைந்தது ஒரு வாரமாவது கவனித்துக்கொண்டவர்களை மட்டும் எண்ணினாலே, ஒரு குழந்தைக்கு 2 வயதுக்குள் சராசரியாக 24 பேர், நாலரை வயதுக்குள் 50 பேர்! அப்படி வளர்ந்த குழந்தைகளில் பலர் முன்பின் தெரியாதவர்களிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். ருமேனியாவின் அரசுக் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளை வைத்து 2000-க்குப் பிறகு புகாரெஸ்டில் நடந்த ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. ஆக, போன முதல் நாளே ஒரு குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால், நம்மிடம் ஏதோ தனி ஈர்ப்பு இருக்கிறது என்று பூரித்துப்போக வேண்டாம். நமக்கு முன்னால் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று விசாரிப்பது நல்லது.

சரி, எப்படித்தான் கிளம்புவது? போகிற நாளை வந்த நாளிலேயே சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு "இன்னும் மூன்று வாரம்" என்றால் ஒன்றும் புரியாது, சுவரில் ஒரு தாளை ஒட்டித் தினமும் ஒரு கட்டத்தை அவர்கள் கையாலேயே அடிக்கவிட்டால் புரியும். அழுவார்களே என்று பயந்து, ராத்திரி தூங்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. காலையில் எழுந்து தேடுகிற பிள்ளை, அடுத்து வருகிறவரையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதைவிட மோசம், "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்" என்று வாசலில் நின்று சொல்வது. அந்த நேரத்து அழுகையை நிறுத்த நாம் சொல்லிவிட்டு விமானத்தில் ஏறியதும் மறந்துவிடுவோம், ஏழு வயதுப் பிள்ளை மறக்காது. டிக்கெட் கையில் இல்லாமல் அந்த வார்த்தையை வாயிலிருந்து விடக்கூடாது.

கடைசி வாரத்தில் நாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர வேண்டும். பாடத்தை உள்ளூர் ஆசிரியர் எடுக்கட்டும், நாம் பக்கத்தில் உட்காரலாம். விழுந்து அடிபட்டால் பிள்ளை முதலில் ஓட வேண்டியது அங்கேயே இருக்கப்போகிறவரிடம். பிரிவுக் கூட்டத்தையும் அவரே நடத்தினால் நல்லது. அப்புறம் இந்தப் பரிசு விஷயம். மனசுக்குப் பிடித்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ரகசியமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தால், மற்ற பிள்ளைகளின் பொறாமையை அது தனியாகச் சமாளிக்க வேண்டும். கொடுப்பதை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாம். சில பிள்ளைகள் கடைசி நாட்களில் முறைப்பார்கள், பேச மாட்டார்கள், ஒன்றிரண்டு அடியும் விழும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதில் வருத்தம் அப்படித்தான் வெளியே வரும். இன்னும் சிலர் கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் பந்தை எடுக்க ஓடிவிடுவார்கள். நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் அதைவிட நல்ல சேதி கிடையாது, அந்தப் பிள்ளைக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் பள்ளி, விளையாட்டு முகாம் மாதிரி இடங்களுக்கு. மாலையில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அனாதை இல்லங்களில் சில வாரங்கள் போய்த் தங்குவது வேறு கதை, அங்கே எவ்வளவு அழகாக விடைபெற்றாலும் போதாது என்பது என் கருத்து. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ரன் அமைப்பு 2009-லேயே எழுதியது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் தன்னார்வலர்கள் தரும் பணத்துக்காகவே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கூட்டிவந்த இல்லங்கள் அம்பலமாகியிருக்கின்றன. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்வதே சட்டப்படி கூடாது. அனாதை இல்லத் தன்னார்வப் பணியால் வரும் சுரண்டலைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையும் 2019 டிசம்பரில் தீர்மானம் போட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட பயணங்களுக்கான அறிவிப்போ விளம்பரமோ வந்தால், அச்சேற்றும் முன் அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தன்னார்வலர் போன பிறகு அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவர் யார்? ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்கு விடை கொடுக்கிறது? பதில் சொல்லத் தயங்கினால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும், தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி